மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40: பழைய காரை ஓடவைத்த யாழ்ப்பாணத்துக் கதை

ஒலி அத்தியாயத்தின் செப்பனிட்ட எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சுத் தொனியை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

இன்றைக்கு ஒரு காரைப் பற்றிக் கதைக்கப் போறம். யாழ்ப்பாணம் பஸ் நிலையப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காரைத் தெரிந்திருக்கும். உருண்டையான முகப்பு, கொழுத்த மட்காட், உள்ளே சோபா மாதிரி நீட்டு சீற். ஒஸ்ரின் ஏ40 சோமசெற். இங்கிலாந்தில் 1952இல் செய்யத் தொடங்கி 1954இல் நிறுத்திப்போட்டார்கள். அவ்வளவு குறுகிய காலம் செய்த ஒரு கார், அறுபது வருசத்துக்குப் பிறகும் யாழ்ப்பாணத்தில் ஹயர் ஓடிக்கொண்டு நின்றது.

இதைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். "அந்தக் காலத்துச் சாமான், உறுதி" என்று எங்கட ஆட்களும் சொல்லுவார்கள். உறுதி உண்மைதான். ஆனால் அது பாதிக் கதை. அதே வருசத்தில் அதே தொழிற்சாலையில் செய்த கார்கள் இங்கிலாந்தில் பத்துப் பதினைந்து வருசத்திலேயே இரும்புக் கடைக்குப் போய்விட்டன. இரும்பு ஒன்றுதான். வித்தியாசம் வேற இடத்தில் இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போறம். பழைய கார் வைத்திருப்பவர்களும், வாங்குவமோ என்று யோசிக்கிறவர்களும் கடைசி வரைக்கும் கேளுங்கோ. காசை எங்கே முதலில் போடவேண்டும் என்ற கேள்விக்கு இந்த வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

கதவு மூடின காலம்

முதல் கட்டம் போருக்கு முந்தினது. 1950களில் இலங்கைக்குப் பிரித்தானியக் கார்கள் தாராளமாக வந்தன. ஏ40, மொரிஸ் மைனர், கொஞ்சம் பிந்தி ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது. அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. புதுக் கார் வாங்குவது சாதாரண ஆட்களுக்கு எட்டாத விசயமாகிப் போனது. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிடும் வரைக்கும் கிட்டத்தட்ட இதுதான் நிலைமை.

அப்போ கையில் இருக்கிற காரை எறிய ஏலாது. பிஸ்டன் தேய்ந்தால், சிலிண்டரைக் கடைந்து பெருப்பித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடவேண்டும். கிராங்க் தேய்ந்தால் அதை அரைத்து, அதற்கேற்ற பெயரிங் போடவேண்டும். கிங் பின் ஆடினால் லேத்தில் வெண்கலப் புஷ் கடைந்து இறுக்கவேண்டும். இதெல்லாம் அந்தக் காலத்துக் கார்களில் செய்யக்கூடிய வேலை. ஏனென்றால் அவை திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டலாம் என்ற நினைப்பிலேயே வடிவமைக்கப்பட்டவை. தேய்மானத்துக்கு இடம் விட்டுத்தான் அளவுகளே வைத்திருந்தார்கள்.

இதனால் நாடு முழுக்க ஒரு தலைமுறை மெக்கானிக்மார் உருவானார்கள். சாமானை மாற்றுகிறவர்கள் இல்லை, சாமானைத் திருத்துகிறவர்கள். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்திருங்கோ. பிறகு தேவைப்படும்.

1990க்குப் பிறகு

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றரி இல்லை, வாகன உதிரிப்பாகம் இல்லை. மின்சாரமும் நின்றுபோனது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட காலம் அது. ஆனையிறவுப் பாதை மூடி, சனம் கிளாலிக் கடலால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வந்த காலம்.

ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்குப் பிரசவ வலி வரும். காய்ச்சலில் பிள்ளைக்கு வலிப்பு வரும். ஆஸ்பத்திரிக்குப் போக ஏதாவது ஓடவேண்டும். அளவாகவாவது கிடைத்த ஒரே எரிபொருள் மண்ணெண்ணெய். விளக்குக்கும் அடுப்புக்கும் என்று வந்தது. அதில்தான் கார் ஓடியது.

எப்படி? இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. விளங்கிக்கொள்ளக்கூடிய காரணம் இருக்கிறது.

பெற்றோல் எஞ்சினுக்கு இரண்டு விசயம் தேவை. எரிபொருள் ஆவியாகிக் காற்றோடு கலக்கவேண்டும். பிளக் பொறி தட்டும் வரைக்கும் தானாகப் பற்றாமல் பொறுத்திருக்கவேண்டும். மண்ணெண்ணெய் இரண்டிலும் மோசம். குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அழுத்தம் கூடினால் நேரத்துக்கு முந்தியே வெடிக்கும். எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுகிற மாதிரிச் சத்தம் வருமே, அதுதான்.

இப்போ ஏ40 எஞ்சினைப் பாருங்கோ. 1200 சிசி, ஏறத்தாழ 42 குதிரைவலு. அழுத்த விகிதம் ஏழுக்குச் சற்று மேல்தான். இன்றைய பெற்றோல் கார்கள் பலதில் அது பத்துக்கு மேல். அழுத்தம் குறைந்த எஞ்சின் மட்டமான எரிபொருளைப் பொறுத்துக்கொள்ளும். அதோடு பொறி தட்டுகிற நேரத்தைக் கையாலேயே மாற்றலாம். டிஸ்ட்ரிபியூட்டரை இளக்கிக் கொஞ்சம் திருப்பினால் பொறி பிந்தும், தட்டுகிற சத்தம் குறையும். கணினி இல்லை, சென்சர் இல்லை. ஸ்டார்ட் பண்ணப் பற்றரிக்குப் பலம் இல்லையா? முன்பக்கத்தில் ஹாண்டில் போட்டுச் சுற்றலாம்.

மிச்சம் இருப்பது குளிர்ந்த எஞ்சினைப் பற்றவைக்கிற பிரச்சினை. அதற்குச் சின்னப் போத்தலில் பொன் மாதிரிக் காத்து வைத்த பெற்றோல். காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவது. இது கார்காரர் புதிதாகக் கண்டுபிடித்தது என்று சொல்ல ஏலாது. தோட்டத்து இறைப்பு மெஷின்கள் ஏற்கெனவே இப்படித்தான் ஓடின. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் இறைக்கும். இங்கிலாந்திலும் ஃபெர்குசன் டிராக்டரில் இந்த மாதிரி எண்ணெய்க்கென்றே ஒரு வகை செய்தார்கள். வெங்காயத் தோட்டத்து அறிவு காருக்குள் வந்தது, அவ்வளவுதான்.

அதற்குக் கொடுத்த விலை

இதை வீரக்கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் சரியில்லை. மண்ணெண்ணெய் எஞ்சினைத் தின்றது. புகை, நாற்றம், பிளக்கில் கரி, வால்வில் கரி. அடிக்கடி ஹெட்டைக் கழற்றிச் சுரண்டவேண்டும். எல்லாவற்றையும் விட மோசமானது, எரியாமல் மிஞ்சின மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கிற எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே சம்புக்குள் இறங்குவது. எஞ்சின் ஒயில் தண்ணியாகிப் போகும். பெயரிங் போகும்.

இங்கேதான் இன்றைக்கும் உதவுகிற ஒரு பழக்கம் இருக்கிறது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கும்போது ஒயில் மட்டம் குறைந்திருந்தால்தான் நாங்கள் பயப்படுகிறோம். மண்ணெண்ணெய் ஓட்டினவர்களுக்கு மட்டம் கூடினால்தான் பயம். ஒயில் தானாகக் கூடாது. கூடினால் வேறு ஏதோ உள்ளே வந்திருக்கிறது. இன்றைக்குப் பெற்றோலில் ஓடுகிற பழைய காரிலும் இது நடக்கும். எஞ்சினோடு பூட்டியிருக்கிற மெக்கானிக்கல் ஃபியூவல் பம்பின் டயஃப்ரம் கிழிந்தால் பெற்றோல் நேராகச் சம்புக்குள் இறங்கும். ஒயிலைத் தொட்டு மணந்து பாருங்கோ. பெற்றோல் மணந்தால் காரை எடுக்காதீர்கள். பம்பைத் திருத்தி, ஒயிலை மாற்றிவிட்டு எடுங்கோ. ஒயில் பாலாடை மாதிரி வெளிறியிருந்தால் தண்ணி கலந்திருக்கலாம், ஹெட் கேஸ்கெற்றைப் பார்க்கவேண்டும்.

இரும்பும் றப்பரும்

தடை வந்த காலத்தில் எதை ஊரில் செய்ய முடிந்தது, எதைச் செய்ய முடியவில்லை என்று பிரித்துப் பாருங்கோ. பழைய கார் பராமரிப்பின் முழுப் பாடமும் அதில் இருக்கிறது.

இரும்பையும் வெண்கலத்தையும் லேத் இருந்தால் கடையலாம். கேஸ்கெற்றை வெட்டலாம். ரேடியேற்றரை ஈயம் வைத்து ஒட்டலாம். சஸியில் வெடிப்பு வந்தால் வெல்டிங். ஏ40இல் சஸி தனி, பொடி தனி என்பதால் அது இன்னும் சுகம். ஆனால் றப்பரை ஊர்க் கராஜில் செய்ய ஏலாது. ரயர், ரியூப், ஃபேன் பெல்ட், ஹோஸ், எல்லாவற்றையும் விடப் பிரேக் சிலிண்டருக்குள் இருக்கிற சின்ன றப்பர் வளையம். அதைச் செதுக்க ஏலாது. தீவின் தென்மேற்கில் றப்பர் தோட்டம் தோட்டமாக இருந்தது. வடக்கில் ஒரு பிரேக் றப்பருக்கு வழியில்லை.

இன்னொரு முரணும் இருக்கிறது. இங்கிலாந்தில் பாத் நகரத்தில் சார்ள்ஸ் வெயர் என்றொருவர் மொரிஸ் மைனர் நிலையம் ஒன்றை நடத்தினார். புதுக் கார் வாங்கி அதன் மதிப்பு வருசா வருசம் உருகுவதைப் பார்ப்பதை விட, நல்ல பழைய காரைத் தொடர்ந்து புதுப்பித்து வைத்திருப்பது கணக்கில் மலிவு என்பது அவருடைய வாதம். 1982இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். பிறகு 1990களில் மைனருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்வித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். தெற்கில் மைனர் பாகம் செய்து ஏற்றுமதி. வடக்கில் மைனருக்கு ஒரு பற்றரி கொண்டுபோகத் தடை. ஒரே தீவு, ஒரே கார்.

சரி, இந்த இரும்பு–றப்பர் பிரிப்பு இன்றைக்கு என்ன சொல்கிறது? பழைய கார் வாங்கினவர்கள் பெரும்பாலும் முதலில் பெயின்ற் அடிப்பார்கள், சீற் தைப்பார்கள், குரோம் போடுவார்கள். வரலாறு சொல்வது நேர்மாறு. இரும்பு காத்திருக்கும். றப்பர் காத்திருக்காது. முதல் காசு றப்பருக்கு.

பிரேக் ஹோஸ் வெளியில் நல்லாய்த் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்துக்கொண்டே நிற்கும், சில்லுச் சூடாகும். ஹோஸையும் சிலிண்டர் றப்பரையும் கிழமை கணக்குப் பார்க்காமல் மாற்றுங்கோ. பிரேக் தொட்டிக்குள் பிரேக் ஃபுளூயிட்டைத் தவிர வேறு எதையும் விடாதீர்கள். எஞ்சின் ஒயில் மாதிரிக் கனிய எண்ணெய் பட்டால் அந்த றப்பர் ஊதிப் பழுதாகும், பிரேக் முழுதாகப் போய்விடும். ரயரில் பூ மிச்சம் இருக்கிறது என்று பார்க்காமல் பக்கச் சுவரில் இருக்கிற நான்கு இலக்கத்தைப் பாருங்கோ. முதல் இரண்டும் கிழமை, மற்ற இரண்டும் வருசம். 1214 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 12ஆவது கிழமை. பத்து வருசம் தாண்டின ரயரில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. முன் சில்லைத் தாங்குகிற ட்ரனியன் என்ற பாகம் திருகாணி மாதிரிப் பூட்டியிருக்கும். கிரீஸ் இல்லாமல் தேய்ந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழன்று சில்லு மடங்கும். இந்தக் காரின் பிரபலமான பலவீனம் இதுதான். கிரீஸ் கண் போட்டு வேலையைச் சுகமாக்கி வைத்திருக்கிறார்கள். கிரீஸ் அடிப்பதை மட்டும் மறக்கக்கூடாது. மைனருக்குத் தனிச் சஸி இல்லை, பொடியே சஸி. உப்புக் காற்று வீசுகிற ஊரில் பின் ஸ்பிரிங் பிடிக்கிற இடத்தையும் அடித்தட்டின் குறுக்குச் சட்டத்தையும் குத்திப் பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

பாதை திறந்தது, கேள்வி மாறியது

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 திறந்தது. பெற்றோல் வந்தது, ஜப்பான் வாகனங்களும் வந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடுப்பட்டது, 2009க்குப் பிறகு திரும்பத் திறந்தது. மண்ணெண்ணெயைக் குடித்து வளர்ந்த கார்களுக்கு இப்போ வேறு கேள்வி: எவ்வளவு தூரம் மாற்றலாம்?

அந்த 2002இலேயே இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோலும் நின்றது. பழைய எஞ்சின்களின் வால்வு உட்காருகிற இடத்துக்கு அந்த ஈயம் ஒரு மெத்தை மாதிரி இருந்தது. அது இல்லாமல் நீண்ட தூரம் வேகமாக ஓடினால் வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் பதியும், இடைவெளி குறையும். மெதுவாக ஊருக்குள் ஓடுகிறவர்கள் பயப்படத் தேவையில்லை, வால்வு இடைவெளியை அளந்துகொண்டால் போதும். ஹெட் கழற்றுகிற வேலை வரும்போது கடினமான வால்வு சீற் போட்டுவிட்டால் அந்தப் பிரச்சினை முடிந்தது.

பெரிய மாற்றம் எஞ்சின் மாற்றுவது. பழைய கேம்பிரிட்ஜுக்குள் ஜப்பான் டீசல் எஞ்சின் வைத்து ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். செலவு மிச்சம் என்பது நியாயமான காரணம். ஹயர் ஓடி வயிறு கழுவுகிறவரிடம் போய் "அசலைக் காப்பாற்று" என்று நான் சொல்ல மாட்டன். ஆனால் மூன்று விசயம் யோசியுங்கோ. கூடின வலு வந்தால் அதை நிறுத்தப் பிரேக்கும் கூடவேண்டும். 42 குதிரைக்கு அளந்து வைத்த டிரம் பிரேக் அது. எஞ்சினின் பாரம் மாறினால் முன் ஸ்பிரிங்கும் ஸ்டியரிங்கும் தாங்குமா என்று பார்க்கவேண்டும். எஞ்சின் இலக்கம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் மாறவேண்டும். இல்லாவிட்டால் விற்கும்போதும் விபத்து நடந்து காப்புறுதி கேட்கும்போதும் தலையிடி.

என்னைக் கேட்டால் மாற்றத்தின் வரிசை இதுதான். முதலில் நிற்பாட்டுவது: பிரேக், ரயர். அடுத்தது காண்பதும் காட்டுவதும்: வயரிங், நல்ல ஏர்த், வெளிச்சமான விளக்கு. பழைய துணி சுற்றின வயர் தீப்பிடிக்கக்கூடியது, அதற்குள் ஃபியூஸும் இரண்டே இரண்டுதான் இருக்கும். மூன்றாவது சூட்டைத் தணிப்பது: ரேடியேற்றர், தண்ணிப் பம்ப், பெல்ட். நாலாவது ஆளைக் காப்பது: சீற் பெல்ட், அதுவும் சஸியில் அல்லது பலப்படுத்தின இடத்தில் பூட்டினது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் வலுவைப் பற்றி யோசிக்கவேண்டும்.

எலக்ட்ரோனிக் இக்னிஷன் போடுவது நல்ல மாற்றம், ஸ்டார்ட் சுகம். டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேற்றர் போடுவதும் நல்லது. ஆனால் ஒன்று: ஏ40 போன்ற கார்களில் பற்றரியின் பொசிற்றிவ் பக்கம்தான் பொடியோடு பூட்டியிருக்கும். இன்றைய சாமான்கள் பெரும்பாலும் நெகற்றிவ் ஏர்த்துக்குச் செய்தவை. பார்க்காமல் பூட்டினால் ஒரு நொடியில் எரிந்துபோகும். மாற்றினால் டாஷ்போர்ட்டில் எழுதி ஒட்டிவையுங்கோ, அடுத்த மெக்கானிக்குக்குத் தெரியவேண்டும்.

கதவு மறுபடி மூடினபோது

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்திருந்தோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் இல்லாமல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டது. கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். தனியார் வாகன இறக்குமதி திரும்பத் தொடங்க 2025 பெப்ரவரி ஆனது. 1960களில் கதவு மூடினதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்: அந்நியச் செலாவணி. அப்பவும் இப்பவும் கையில் இருக்கிற வாகனத்தை ஓடவைக்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு ஏறினது.

ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. 1960களில் கதவு மூடினபோது திருத்துகிற அறிவு வளர்ந்தது. இந்த முறை மூடினபோது, திருத்தத் தெரிந்தவர்கள் பலர் வயது போய்விட்டார்கள், சிலர் இல்லை, கனபேர் புலம்பெயர்ந்து போய்விட்டார்கள். டிஸ்ட்ரிபியூட்டரைக் காதால் கேட்டுத் திருப்புகிற மெக்கானிக்கிடம் இன்றைக்குப் பழகுகிற பொடியன் எத்தனை பேர்? கார் மிஞ்சும். அறிவு மிஞ்சுமா என்பதுதான் கேள்வி.

அதனால்தான் தொடக்கத்தில் சொன்ன அந்த வித்தியாசத்துக்குத் திரும்பி வாறன். யாழ்ப்பாணத்து ஏ40 ஓடியதற்குக் காரணம் அதற்குள் இருக்கிற ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்று ஊரில் ஆராவது ஒருவருக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் எந்த மாற்றம் செய்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கோ: நாளைக்கு இது நின்றால், என்னாலோ என் ஊர்க் கராஜாலோ திருத்த முடியுமா? முடியும் என்றால் செய்யுங்கோ. முடியாது என்றால் கழற்றின பழைய சாமானை எறியாதீர்கள். பழைய பொயின்ற் செற்றும் கொண்டென்சரும் டிக்கிக்குள் ஒரு பெட்டியில் கிடக்கட்டும்.

ஒரு கொப்பி போடுங்கோ. எந்தத் திகதி, மீற்றரில் எவ்வளவு, என்ன மாற்றினது, எந்த அளவு பிஸ்டன், எந்த நிற வயர் எங்கே போகுது. வயதான மெக்கானிக் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று கேளுங்கோ, ஃபோனில் காணொளி எடுங்கோ. அவர்கள் சொல்லித்தர மாட்டன் என்று சொல்கிறவர்கள் இல்லை. கேட்கிற ஆள்தான் குறைவு.

அடுத்த அத்தியாயத்தில் வேறொரு கதையோடு சந்திப்போம். வணக்கம்.